பிக்கப்பை மாற்றினால் விலை ஏறிவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய இசைக்கருவிகளை வாங்குவது, விற்பது பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிடாரைப் பற்றி எழுதியிருந்ததில் பெரிய குறை இல்லை. தடித்த கம்பிகளில் அடிச் சுரங்களை வாசிக்கும் பேஸ் கிடாருக்கு மட்டும் போகிற போக்கில் ஒரு பத்தி ஒதுக்கி, விலை குறைந்த பேஸ் ஒன்றை வாங்கி நல்ல பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பாகம்) கனமான பிரிட்ஜும் (உடலில் கம்பியைத் தாங்கும் உலோகப் பாகம்) போட்டுவிட்டால் அது உயர்ரக பேஸுக்குச் சமம், விற்கும்போது போட்ட காசும் திரும்ப வந்துவிடும் என்கிற மாதிரி முடித்திருந்தார்கள். முதல் பாதி பெரும்பாலும் தவறு, இரண்டாவது பாதி முழுக்கவே தவறு. பேஸ் வாசிக்கிறவன், அவ்வப்போது வாங்கி விற்கிறவன், நண்பர்களுடையதைத் திறந்து பழுது பார்க்கிறவன் என்கிற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீளம் அதிகமானால் வெட்டிக்கொள்ளுங்கள்.

காசு விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட மாடலைத் தேடி வருகிறவருக்கு அந்த மாடல் தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே வேண்டும். நீங்கள் ஆசை ஆசையாகப் போட்ட பார்டோலினி நிறுவனப் பிக்கப் அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம், பிடித்தாலும் உள்ளே சோல்டர் வைத்தது யார், ஒழுங்காக வைத்தாரா என்ற சந்தேகம் அவருக்கு வரும், சந்தேகம் வந்த உடனே பேரம் கீழே இறங்கும். அதே பிக்கப்பைக் கழற்றித் தனியாக விற்றுப் பாருங்கள், அதையே தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார். அதனால்தான் பேஸ் வாங்கி விற்கிற பழக்கம் உள்ளவர்கள் கழற்றிய எதையும் தூக்கிப் போடுவதில்லை. பழைய பிக்கப், பிரிட்ஜ், ட்யூனர் (சுருதி ஏற்றும் முறுக்காணி), அவற்றின் திருகாணிகள், பிக்கப்புக்கு அடியில் இருந்த ஸ்பிரிங் அல்லது ஸ்பாஞ்ச் துண்டு வரைக்கும் ஒரு பையில் போட்டு, எந்த பேஸுடையது என்று எழுதி வைத்துக்கொள்வார்கள். விற்கும் நேரம் வந்ததும் பழையதை மாட்டிவிட்டு பேஸைத் தனியாகவும் புதியதைத் தனியாகவும் விற்பார்கள். அப்போதும் போட்டது முழுசாகத் திரும்பாது, நஷ்டம் குறையும், அவ்வளவுதான்.

இதெல்லாம் மறுபடி பழையபடி ஆக்கக்கூடிய மாற்றங்களுக்கு. பேட்டரிப் பெட்டிக்காக உடலில் குழி தோண்டுவது, இன்னொரு பிக்கப் வைக்க மரத்தைக் குடைவது, வர்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புது வர்ணம் அடிப்பது, இவையெல்லாம் வேறு வகை. ஃபெண்டர் கிடார்களை உருவாக்கிய லியோ ஃபெண்டர் தன் நிறுவனத்தை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றது 1965 ஜனவரியில். அதற்கு முந்தைய பேஸ்களைச் சேகரிப்பாளர்கள் தனியாகத் தேடி வாங்குகிறார்கள், அந்த வகையில் ஒன்றுக்குப் புது வர்ணம் அடித்துவிட்டால் விலை பாதிக்குப் பாதி கூடக் குறையும். சாதாரண பேஸுக்கு அத்தனை பெரிய இழப்பு இல்லை. ஆனாலும் குடைந்த மரம் குடைந்ததுதான், அதை மறைத்து மேலே பிக்கார்டு என்கிற தகடு போட்டாலும் வாங்குகிறவர் கழற்றிப் பார்ப்பார்.

சரி, விற்கிற எண்ணமே இல்லை, நானே வாசிக்கப் போகிறேன், எதை மாற்றலாம் என்று கேட்டால், கம்பியை மாற்றுங்கள், செட்டப் (வாசிக்க வசதியாகக் கருவியைச் சரிசெய்வது) செய்யுங்கள் என்பதுதான் என் பதில். பலருக்கு இது சப்பென்று இருக்கும். ஆனால் 'இந்த பேஸ் சரியில்லை, பிக்கப் மாற்றணும்' என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவற்றின் கோளாறு இந்த இரண்டில்தான் இருந்தது. ரவுண்ட்வூண்ட் (மேலே உருண்டைக் கம்பி சுற்றிய) கம்பி பளிச்சென்று உலோகச் சத்தம் கொடுக்கும், ஃபிளாட்வூண்ட் (மேலே தட்டை நாடா சுற்றிய) கம்பி மிருதுவாக, அடக்கமாகப் பேசும். பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களில் பெரும்பாலும் வாசித்தது தடிமனான ஃபிளாட்வூண்ட் கம்பி போட்ட 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில், அந்தக் கம்பிகளை அவர் லேசில் மாற்றவும் மாட்டார். அந்தச் சத்தம் வேண்டும் என்று பிக்கப் தேடி அலைகிறவர்கள் ஒரு செட் ஃபிளாட்வூண்ட் வாங்கிப் போட்டு டோன் குமிழைக் கொஞ்சம் இறக்கினால் பாதித் தூரம் வந்துவிடுவார்கள்.

செட்டப் பெரிய வித்தை இல்லை. சரியான சுருதிக்கு ஏற்றிய பிறகு, ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தான நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால், எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் நெக் முன்பக்கம் வளைந்திருக்கிறது, இல்லவே இல்லையென்றால் நிமிர்ந்தோ பின்பக்கம் வளைந்தோ இருக்கிறது. நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாதீர்கள், திருப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள், மரம் உட்கார நேரம் எடுக்கும். அதன் பிறகுதான் பிரிட்ஜில் கம்பியின் உயரம். 17ஆவது ஃப்ரெட்டில் இரண்டு மி.மீ. அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல் என்பது பெரும்பாலான கைகளுக்குச் சரியாக வரும், ஓங்கி அடிக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். கடைசியில் இன்டொனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது: 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக நிற்க வேண்டும், அழுத்தியது ஏறி ஒலித்தால் பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டான சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும். செத்துப்போன கம்பியில் இதை என்ன முயன்றாலும் சரிசெய்ய முடியாது, அதனால் கம்பியை முதலில் மாற்றச் சொன்னேன். இன்னொன்று, சத்தம் பெரிதாக வரட்டும் என்று பிக்கப்பைக் கம்பிக்கு ரொம்பப் பக்கத்தில் ஏற்றி வைப்பவர்கள் உண்டு. காந்தம் கம்பியை இழுக்கும், தடித்த கம்பியில் சுருதி நடுங்குகிற மாதிரி ஒரு விகாரம் வரும், அதைப் பிக்கப் கோளாறு என்று நினைத்துப் புதிது வாங்கிப் போட்டு அதையும் அதே உயரத்தில் வைத்தால் அதே விகாரம்தான்.

உங்கள் கட்டுரையாளர் நெக்கைப் பற்றி ஒரு வார்த்தை கூட எழுதவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷனின் 34 அங்குல நீளம்தான் இன்று வரை பேஸ்களின் பொது அளவு. வழக்கமான தடிமனில் நான்கு கம்பிகள் சேர்ந்து சுமார் 80 கிலோ விசையில் அந்த நெக்கை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. சாதாரண எலக்ட்ரிக் கிடாரின் ஆறு கம்பிகளும் சேர்ந்து கொடுக்கிற இழுவை இதைவிடக் குறைவு, நெக்கும் குட்டை. அதனால் கிடாரில் கண்டுகொள்ளாமல் விடுகிற குறை பேஸில் பூதாகரமாகத் தெரியும். மற்ற எதையும் திருகாணியைக் கழற்றி மாற்றிவிடலாம், கெட்ட நெக்குக்கு மாற்று நெக் வாங்கினால் அதுவே பேஸின் விலையை நெருங்கும். முறுக்கிக்கொண்ட நெக்கில் விலை உயர்ந்த பிக்கப் போடுவது இற்றுப்போன சுவருக்கு வர்ணம் பூசுகிற கதைதான்.

ஆகவே பழைய பேஸ் வாங்கப் போகிறவர் ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயர்) செருகுவதற்கு முன்பே பாதி முடிவை எடுத்துவிடலாம். உடல் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக் ஓரத்தைப் பாருங்கள், இரண்டு ஓரமும் ஒரே வளைவில் போகின்றனவா, முறுக்கு இருக்கிறதா என்று தெரியும். உடலோடு சேர்கிற இடத்தில் கடைசி ஃப்ரெட்டுகள் மேல் நோக்கி எழும்பியிருந்தால் உயரத்தில் வாசிக்கும்போது கம்பி இடித்துக்கொண்டே இருக்கும், ட்ரஸ் ராடு அதைச் சரிசெய்யாது. அனுமதி கேட்டு ட்ரஸ் ராடைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஏற்கெனவே முழுக்க இறுக்கியிருந்து இன்னும் நெக் வளைந்தே இருந்தால் அந்த பேஸை விட்டுவிடலாம். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக வாசியுங்கள். மெல்லிய கம்பியான ஜி கம்பியில் ஐந்தாவதிலிருந்து ஏழாவது ஃப்ரெட் வரைக்கும் எங்கோ ஒரு சுரம் சட்டென்று அணைந்து போகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நெக்கின் அதிர்வோடு அந்தச் சுரம் ஒத்துப்போய் ஆற்றலை இழக்கிற இடம் அது, ஃபெண்டர் பாணி பேஸ்களில் கூடக் குறைய இருக்கும், விலை உயர்ந்தவற்றிலும் இருக்கும். வேறு எங்கோ ஒரே ஃப்ரெட்டில் மட்டும் கரகரவென்று வந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கலாம், அல்லது அந்த ஃப்ரெட்டே தேய்ந்திருக்கலாம், ஃப்ரெட் சமப்படுத்துகிற செலவைக் கணக்கில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

மின்சாரப் பக்கம். வால்யூம், டோன் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பெரும்பாலும் தூசிதான், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும். ஹம் என்கிற மின் இரைச்சல் வந்தால் பயந்து பிக்கப்பை மாற்றிவிடுகிறார்கள், அதற்கு முன் காரணத்தைப் பார்க்கலாம். 1960இல் வந்த ஃபெண்டரின் ஜாஸ் பேஸில் இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்கள், இரண்டின் வால்யூமையும் சமமாக வைத்தால் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், ஒன்றை இறக்கினால் தலைகாட்டும். அது அதன் இயல்பு. பிரிசிஷனில் 1957 முதல் இருக்கிற இரண்டாகப் பிளந்த பிக்கப் அப்படியே ஹம்மை ரத்து செய்கிற அமைப்பு. கம்பியைத் தொட்டால் ஹம் குறைகிறதா, சரி, கம்பிக்கு எர்த் போகிறது, உள்ளே செப்புத் தகடு ஒட்டி ஷீல்டிங் (இரைச்சல் தடுப்பு) செய்தால் இன்னும் குறையும். தொட்டாலும் மாற்றமே இல்லையென்றால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் வயர் அறுந்திருக்கலாம், தொட்டால் கூடுகிறது என்றால் கேபிள் செருகும் ஜாக்கில் வயரை மாற்றி வைத்திருக்கிறார்கள். இந்த மூன்றுக்குமே புதுப் பிக்கப் தேவையில்லை.

ஆக்டிவ் பேஸ் (பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் என்கிற ஒலி கூட்டும் சர்க்யூட் உள்ளது) என்றால் கூடுதல் மதிப்பு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 1976இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே உள்ளேயே ப்ரீஆம்ப்போடு வந்த பிறகு அது பரவியது, நல்ல பேஸ், மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது வோல்ட் பேட்டரி வேண்டும், கேபிளைச் செருகியபடியே வைத்தால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும், நிகழ்ச்சி நடுவில் சத்தம் கிழிந்து நிற்கும். ஒரு வால்யூமும் ஒரு டோனும் மட்டும் உள்ள பேசிவ் (பேட்டரி இல்லாத) பிரிசிஷன் எத்தனை பாடல்களில் ஒலித்திருக்கிறது என்று எண்ணி முடியாது. பழைய ஆக்டிவ் பேஸை வாங்கும்போது கையோடு புது பேட்டரி ஒன்று கொண்டு போங்கள், விற்கிறவர் 'பேட்டரி வீக்காக இருக்கு, அதான்' என்று சொல்ல வாய்ப்பிருக்காது.

பிக்கப்பை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிக்கப் மாறினால் சத்தம் மாறும், சில நேரம் நன்றாகவே மாறும். ஆனால் எதில் கேட்டு முடிவு செய்கிறீர்கள்? பேஸின் தடித்த ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பி பேஸின் பி கம்பி சுமார் 31 ஹெர்ட்ஸ். கையடக்கமான பயிற்சி ஆம்ப்பின் சின்ன ஸ்பீக்கர் அந்த அடிச் சுரத்தை எழுப்பவே முடியாது, அதன் மேல் சுரங்களை மட்டும் கேட்டு நம் காது மீதியை இட்டு நிரப்பிக்கொள்கிறது. அதில் கேட்டுவிட்டு 'பேஸில் அடி இல்லை' என்று பிக்கப்பைக் குறை சொல்வது நியாயமில்லை. காசு இருந்தால் முதலில் ஆம்ப்பும் ஸ்பீக்கரும், அப்புறம் பிக்கப். (கிடார் ஆம்ப்பில் பேஸைச் செருகி முழு சத்தத்தில் வைக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், ஸ்பீக்கர் கிழிந்த பிறகு வருகிறார்கள்.)

கனமான பிரிட்ஜ் பற்றி வாசிப்பவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. என் கருத்து: ஆர்வமாக மாட்டிக் கேட்டால் மாற்றம் தெரிகிற மாதிரி இருக்கும், அதற்காகவே போட்ட புதுக் கம்பிதான் பாதிக் காரணம். திருகாணி துருப்பிடித்து சேடில் நகராத பிரிட்ஜ் என்றால் மாற்றுங்கள், வளைந்த தகட்டால் ஆன சாதாரண பிரிட்ஜ் ஒழுங்காக வேலை செய்தால் விட்டுவிடுங்கள். அதைவிட உருப்படியான மாற்றம் எடை குறைந்த ட்யூனர்கள். கையை எடுத்தவுடன் ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் தரையைப் பார்த்துச் சாய்கிற பேஸ்கள் இருக்கின்றன, இடது கையே அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ட்யூனர் எடை குறைந்தால், கூடவே அகலமான ஸ்ட்ராப் போட்டால், மணிக்கணக்கில் நின்று வாசிக்கலாம். நெக்கின் மேல்முனையில் கம்பியைத் தாங்கும் துண்டான நட்டில் வெட்டு ஆழம் குறைவாக இருந்தால் முதல் இரண்டு ஃப்ரெட்டுகளில் சுருதி ஏறும், விரலும் வலிக்கும், அதையும் சரிசெய்வது காசுக்குத் தகுந்த வேலை.

வேறு பேஸுக்கே போக வேண்டிய நேரம் எது என்றால், கை கேட்பதை இந்த பேஸால் தர முடியாதபோது. ஐந்தாவது கம்பி வேண்டும், ஃப்ரெட் இல்லாத நெக் வேண்டும், நெக் குறுகலாக வேண்டும், இதையெல்லாம் பிக்கப், பிரிட்ஜ் மாதிரி உதிரிபாகம் போட்டுக் கொண்டுவர முடியாது. ஜாஸ் பேஸின் நெக் நட் அருகே சுமார் 38 மி.மீ., பிரிசிஷனில் பொதுவாக 41, 42 மி.மீ., கேட்க சின்ன வித்தியாசம், கைக்கு அது நிறைய. விரல் எட்டவில்லை என்கிறவர்கள் 30 அங்குலக் குட்டை நெக் பேஸ்களைக் குழந்தைகளுக்கானது என்று ஒதுக்க வேண்டாம், பால் மெக்கார்ட்னி கையில் பார்த்துப் பழகிய ஹோஃப்னர் 500/1 அந்த ரகம்தான். ஐந்து கம்பி வாங்குகிறவர்கள் பி கம்பியைத் தனியாகச் சோதிக்க வேண்டும், தொளதொளவென்று குழறினால் மீதி நான்கும் எவ்வளவு அழகாகப் பேசினாலும் யோசியுங்கள்.

பழமைக்காகக் கூடுதல் விலை கேட்கிறார்கள் என்றால் குமிழ்கள் இருக்கும் தகட்டின் கீழே பார்க்கச் சொல்லுங்கள். குமிழுக்கு அடியில் இருக்கும் மின்பாகமான பழைய பாட்களின் முதுகில் எண் அச்சடித்திருக்கும். 1377633 என்று இருந்தால் 137 என்பது பாட் செய்த சி.டி.எஸ். நிறுவனம், 76 ஆண்டு, 33 அந்த ஆண்டின் வாரம். 1974 பேஸ் என்று விற்கிற ஒன்றில் இந்த எண் இருந்தால் பாட் மாற்றப்பட்டிருக்கிறது அல்லது ஆண்டு பொய். ஃபெண்டர்களில் நெக்கின் அடிக்கட்டையிலும் தேதி இருப்பதுண்டு. நெக் பிளேட்டின் சீரியல் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், நான்கு திருகாணியில் மாறிவிடுகிற தகடு அது. திருட்டுப் பொருளா என்றும் விசாரியுங்கள்: 1986இல் காணாமல் போன, பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸின் ஃப்ரெட் நீக்கிய ஜாஸ் பேஸ் சுமார் 20 ஆண்டு கழித்துத்தான் வெளியே வந்தது. உங்களுடையதன் எண்ணையும் படத்தையும் இன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாடு விட்டு நாடு விற்கிறவர்களுக்கு ஒரு தகவல். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் 2017 ஜனவரி முதல் ரோஸ்வுட் மரம் உள்ள கருவிகளுக்கெல்லாம் அனுமதிச் சீட்டு கேட்டார்கள், 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை, அதற்கு 1992 முதலே கடுமையான கட்டுப்பாடு. மிகப் பழைய பேஸ் என்றால் ஃபிங்கர்போர்டு (ஃப்ரெட் பதித்த மேல்பலகை) எந்த மரம் என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

விற்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: என்ன மாற்றினீர்கள் என்பதை விளம்பரத்திலேயே எழுதுங்கள், எடையையும் எழுதுங்கள். நான்கு கிலோ பேஸும் ஐந்து கிலோ பேஸும் படத்தில் ஒரே மாதிரி இருக்கும், தோளுக்கு இரண்டும் ஒன்றில்லை. கீறல், உடைந்து ஒட்டிய ஹெட்ஸ்டாக், தேய்ந்த ஃப்ரெட் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். இப்படிச் செய்தால் விசாரிப்பவர்கள் குறைவார்கள், வருகிறவர்கள் வாங்குவார்கள். அனுப்பும்போது கம்பியைச் சற்றே தளர்த்துங்கள், முழுசாக அவிழ்க்க வேண்டாம். பெட்டிக்குள் ஹெட்ஸ்டாக்கின் அடியிலும் மேலும் துணியோ ஸ்பாஞ்சோ திணித்து அது ஆடாமல் பாருங்கள், வழியில் உடைகிறவை பெரும்பாலும் அங்கேதான் உடைகின்றன. கழற்றி வைத்த பழைய பாகங்கள் பையையும் மறக்காமல் உள்ளே வையுங்கள், ஆனால் கட்டி வையுங்கள், தளர்வாகக் கிடக்கும் ஒரு பிரிட்ஜ் போய்ச் சேருவதற்குள் வர்ணத்தை உரித்துவிடும்.

இப்படிக்கு,
பேஸ் வாசிக்கும் ஒரு வாசகர்